மகளுக்கு, மாறி ஏறுகிறவர்களைப் பற்றி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பஸ் வழித்தடங்களைத் திட்டமிடும் பிரிவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வாசித்ததும் அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். உன் அலுவலகத்தில் எல்லோரும் சுவிஸ் ரயில் எவ்வளவு வேகம் ஓடும் என்றுதான் உன்னிடம் கேட்கிறார்களாம். பிள்ளை, அவர்கள் கேட்க வேண்டியது வேறு. ரயிலை விட்டு இறங்கியவருக்கு அடுத்த வண்டி எப்போது என்று கேட்கச் சொல்.

1982இல் இங்கே சுவிஸில் நாடு முழுவதும் மணிக்கொரு ரயில் என்ற ஒழுங்கு வந்தது. 1987இல் மக்கள் வாக்களித்து ‘பான் 2000’ என்ற ரயில் மேம்பாட்டுத் திட்டத்தை ஏற்றார்கள். பேர்ணுக்கும் சூரிச்சுக்கும் இடையே அப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று முதலில் அட்டவணையில் முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்கு ஏற்றபடி மாட்ஸ்டெட்டனிலிருந்து ரோத்ரிஸ்ட் வரை புதிய பாதை போட்டார்கள். 2004 டிசம்பரில் பயணம் 56 நிமிடமாகியது. மணி நிறைவதற்குச் சில நிமிடம் முன்பு நாலு திசை ரயில்களும் நிலையத்துக்குள் வந்து நிற்கும். ஆட்கள் மாறி ஏறுவார்கள். மணி கடந்ததும் ஒவ்வொன்றாகப் புறப்படும். 56 நிமிடத்தை இன்னும் குறைத்தாலும், மாறி ஏறுகிறவர் மேடையில் கூடுதலாகக் காத்திருக்கத்தான் வேண்டும். எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவுக்கே காசு செலவழித்தார்கள். இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

நான் முதலில் பாத்திரம் கழுவிய ஹோட்டல் ஒரு பள்ளத்தாக்கின் உள்ளே இருந்தது. மொழி தெரியாது, கையில் காசில்லை. பனி கொட்டிய ஒரு மாலை ரயில் தாமதமாகிவிட்டது. பஸ் போயிருக்கும், இனி நடைதான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். நிலைய வாசலில் தபால் நிறுவனத்தின் மஞ்சள் போஸ்ட் பஸ் விளக்கை எரியவிட்டபடி நின்றது. சாரதி எங்களுக்காகவே காத்திருந்தார். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் இருந்த எனக்கு, இந்த நாட்டில் என்னையும் ஓர் ஆளாக எண்ணுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அந்தச் சாரதி நல்ல மனிதர், ஆனால் அவருடைய நல்ல மனதால் மட்டும் அந்த பஸ் ஓடவில்லை. ஆண்டு முழுவதும் 100 பேராவது வாழும் ஊர் என்றால், அதற்கான பஸ்ஸின் நட்டத்தை மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து ஏற்கலாம் என்று விதி இருக்கிறது. நூறே பேர்! உன் அலுவலகத்தில் பயணிகள் குறைவு என்று ஒரு தடத்தை வெட்டப் பேச்சு எழுந்தால் இதை எடுத்துச் சொல்.

குறைகளும் உண்டு. பாதி விலையில் டிக்கெட் வாங்க உதவும் ஹால்ப்டாக்ஸ் அட்டை இல்லாதவருக்கு டிக்கெட் விலை தாங்க முடியாது. நிலையங்களை உடல் இயலாதவர்களுக்கு ஏற்றபடி மாற்ற 2004இல் வந்த சட்டம் 2023 முடிவு வரை தவணை கொடுத்தது. தவணை முடிந்தும் வேலை முடியவில்லை. முழங்கால் வலியோடு அம்மா உயரமான படியில் ஏறும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அட்டவணைக்குக் காட்டிய அக்கறையை இதற்கும் காட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரி இரவு வேலை முடிகிறவர்கள் வெளியே வருவதற்கு முன்பே கடைசி பஸ் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதை விட்டுவிடாதே. புதியவள் என்று தயங்காமல் கூட்டத்தில் கேள். ஒருநாள் அந்த நேரத்துக்கு நீயே அங்கே போய் நின்று பார். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

டிசம்பர் நடுவில் இங்கே புதிய அட்டவணை தொடங்கும். நீ வரும் தேதியைச் சொன்னால், விமான நிலையத்திலிருந்து எந்த ரயில் என்று பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா