செல்வத்துக்கு: வட அயர்லாந்தில் மூன்றாமவர் கணக்கு

அன்புள்ள செல்வம்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, உன் கோபம் நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். ராணி அக்காவின் முழங்கால் தேவலையா?

"வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் முந்திவிட்டார்கள், இனி அயர்லாந்தோடு சேர்வதுதான் பாக்கி" என்று எழுதியிருந்தாயே, அதை விட மனம் வரவில்லை. வழக்கம்போலத் தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டாய்!

2021 கணக்கெடுப்பில் முதலில் உன் மதம் என்ன என்று கேட்டார்கள். இல்லை என்றவரிடம் எந்த மதத்தில் வளர்ந்தாய் என்று அடுத்த கேள்வி. இரண்டையும் சேர்த்தால்தான் கத்தோலிக்கர் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் உள்ளிட்ட பிற கிறிஸ்தவர் 43.5. முதல் கேள்வியோடு நிறுத்தினால் 42.3, 37.3, மதமில்லை என்றவர்கள் 17.4. எப்படிப் பார்த்தாலும் யாருக்கும் பாதி இல்லை. 2001-இல் இதே சேர்த்த கணக்கு 43.8, 53.1. கத்தோலிக்கர் ஏறியது இரண்டு புள்ளிகூட இல்லை. மற்றவர் இறங்கியதோ பத்துக்குப் பக்கம்.

1921-இல் அயர்லாந்தைப் பிரித்தபோது, வட அயர்லாந்தில் புராட்டஸ்டன்ட்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும்படி பார்த்துத்தான் எல்லை போட்டார்கள். அதனால்தான் இந்த எண் அங்கே இப்படி உலுக்குகிறது.

இப்போது சட்டமன்றத்துக்கு வா. அயர்லாந்தோடு சேர விரும்பும், பெரும்பாலும் கத்தோலிக்கர் ஆதரிக்கும் தேசியவாதக் கட்சிகள் இரண்டு: 1998-இல் 108 இடங்களில் ஷின் ஃபெயின் 18, எஸ்டிஎல்பி 24. 2022-இல் 90 இடங்களில் 27, 8. வகுத்துப் பார்: தேசியவாதிகளின் பங்கு இரண்டு முறையும் 38.9 சதவீதம்! பிரிட்டனோடே இருக்க விரும்பும், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களான யூனியனிஸ்டுகள் 58-இலிருந்து 37-க்கு வந்தார்கள். இரு அணியிலும் சேராதவர்கள் 8-இலிருந்து 18 ஆனார்கள், அதாவது அவையில் ஐந்தில் ஒரு பங்கு. 2024 பிப்ரவரியில் மிஷெல் ஓ'நீல் முதல் அமைச்சரானது வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஷின் ஃபெயின் தனிப்பெரும் கட்சியானதால் கிடைத்த பதவி. அணியின் பங்கு கூடவில்லை.

என்னை உறுத்துவது இந்த மூன்றாமவர் நிலைமைதான். உறுப்பினர் பதவியேற்கும்போதே யூனியனிஸ்டா, தேசியவாதியா, பிறரா என்று பதிய வேண்டும். முக்கியத் தீர்மானம் நிறைவேற மொத்தத்தில் பெரும்பான்மையோடு இரு அணியிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். அல்லது மொத்தத்தில் 60 சதவீதமும் ஒவ்வொரு அணியிலும் 40 சதவீதமும். 'பிறர்' வாக்கு மொத்தத்தில் மட்டும் சேரும், அணிக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. அந்த வாக்குகளைப் போட்ட மக்களுக்கு இது அநியாயமில்லையா? இரு தரப்பையும் துப்பாக்கியைக் கீழே வைக்க வைத்த 1998 சமாதான உடன்பாட்டின் ஏற்பாடு இது, அந்த மரியாதை எனக்கு உண்டு. இன்றைக்கு இதை மாற்றியே ஆக வேண்டும்.

வேலையிடத்திலும் இதே கதை. பத்துப் பேருக்கு மேல் வைத்திருக்கும் முதலாளி ஊழியர்களின் சமூகப் பின்னணியைப் பதிந்து ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டால் படித்த பள்ளியை வைத்தே முடிவு செய்யலாம். இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த பள்ளிகளில் பத்தில் ஒரு பிள்ளைகூட இல்லாத ஊர், பள்ளிப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். மதத்தை விட்டவனையும் கணக்கு விடுவதில்லை.

 

இணைப்பு வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அயர்லாந்தோடு சேரப் பெரும்பான்மை கிடைக்கும் என்று வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்குத் தோன்றினால் அவர் அதை நடத்தியே ஆக வேண்டும்; தோற்றால் ஏழு ஆண்டு பொறுக்க வேண்டும். எதை வைத்துத் தோன்ற வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2027 தேர்தல் முடிவு வந்ததும் 'பிறர்' எத்தனை இடம் பிடித்தார்கள் என்று முதலில் பார், பிறகு எனக்கு எழுது.

அன்புடன்,
பாலு