பக்கவாத நோயாளிக்கு இரண்டு தெரபியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் 'பிசியோதெரபி தொடரவும்' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி பற்றிப் பேச்சே இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்ற நினைப்பு குடும்பங்களிடம் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் உண்டு. துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்காக 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ இரண்டையும் தனித்தனித் தொழில்களாகவே வைத்திருக்கிறது.

நோயாளி எவ்வளவு தூரம் பிறர் உதவியின்றி இருக்கிறார் என்று அளக்கும் பார்தெல் அட்டவணையைப் பாருங்கள். மொத்தம் 100 மதிப்பெண். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற 15, நடக்க 15, படியேற 10. ஆக நடமாட்டத்துக்கு 40. மீதி 60 சாப்பிட, குளிக்க, தலை வார, உடுத்த, கழிப்பறையில் தானே சுத்தம் செய்துகொள்ள, மலம் சிறுநீரை அடக்க. தெருமுனை வரை நடந்து வருபவர்கூட லுங்கி கட்ட மனைவியைக் கூப்பிடுகிறார் என்றால், இந்த 60-ஐ யாரும் கவனிக்கவில்லை என்று பொருள்.

உட்கார்ந்து எழுவது, சமநிலை, நடைத் திருத்தம், பாதம் தொங்காமல் இருக்கப் பட்டை தேவையா என்று முடிவு செய்வது எல்லாம் பிசியோதெரபிஸ்ட்டின் கைத்திறன். அதில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தலையிட வேண்டியதில்லை. அவர் எடுத்துக்கொள்வது அன்றாட வேலைகளை. சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைத்துத் தோள்வரை ஏற்றிவிட்டு, பிறகே நல்ல கையை விட வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். மாற்றிச் செய்தால் செயலிழந்த கையைப் பின்பக்கம் இழுக்க வேண்டிவரும். தசை தளர்ந்த தோளில் வலி பிடித்துக்கொள்ளும்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர் தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிடுவார்கள். இடது பாதி தொடப்படாமல் கிடக்கும். பசியில்லை போலிருக்கிறது என்று வீட்டார் தட்டை எடுத்துவிடுவார்கள். கண்ணில் குறையில்லை, இடப்பக்கத்தை மூளை கவனிப்பதில்லை. இவர் நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் இடப்பக்கம் வரும் வண்டி இவர் கவனத்துக்கு வராது. இதைச் சோதித்து, இடப்பக்கம் தலையைத் திருப்பித் தேடப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி.

விரல்கள் மடங்கி இறுகும் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது இன்னும் நடக்கிறது. அந்தக் கைக்கு வேண்டியது விரிக்கும் பயிற்சி. கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் தேவைப்பட்டால் மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி மேல்நோக்கி, பெருவிரல் விலகி நிற்கும்படி அளவெடுத்துச் செய்ய வேண்டும். முதல் நாள் அரை மணி நேரத்தில் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு 20 நிமிடத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்துகிறது. திருத்தாமல் போடக் கூடாது.

தோளும் கையும் இரு துறைக்கும் பொதுவான இடம். ஒருவர் கப்பி மாட்டிக் கையைத் தலைக்குமேல் இழுக்கச் சொல்ல, மற்றவர் அதையே கூடாது என்க, நடுவில் குடும்பம் தவிக்கிறது. யார் பொறுப்பு என்பதை முதல் நாளே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. வட்டாரத்துக்கு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையும் அரசு அதில் சேர்க்க வேண்டும். அதுவரை டிஸ்சார்ஜ் சீட்டில் பார்தெல் மதிப்பெண்ணை ஒரே தொகையாக எழுதாமல், நடமாட்டத்துக்கு 40-ல் எவ்வளவு, மற்றவற்றுக்கு 60-ல் எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். இரண்டாவது குறைந்தால், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உள்ள மருத்துவமனையின் பெயரையும் அதே சீட்டில் குறித்துக் கொடுக்கட்டும்.

– ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், திருச்சி