பங்குனி நடைக்கு இப்போதே

லோன் பைன், கலிபோர்னியா
ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். நீ, மாமா, பிள்ளைகள், அம்மா, அப்பா எல்லாரும் நலமா? உன் கடுதாசி வந்து மூன்று வாரம் ஆகிறது. சித்திரையில் எழுதியதற்கே பதில் இல்லை என்று திட்டியிருந்தாய். நியாயம்தான். போனில் பேசினால் அப்பா "உடம்பைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். தாளில் எழுதி வந்தால்தான் அவருக்கு அது சேதி. நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதுவரைக்கும் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டு. கோட்டுக்குக் கீழே உனக்கு மட்டும்.

வருகிற பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு வெறுங்காலோடு நடக்கப் போவதாக அப்பா சொல்கிறாராம், 67 வயதில், சர்க்கரையை வைத்துக்கொண்டு. நீ சொல்லித் தடுடா என்று எழுதியிருக்கிறாய். நான் தடுக்கப் போவதில்லை. தடுத்தால் நிற்கிற ஆளா அவர்? எப்படிப் போகலாம் என்று மட்டும் சொல்கிறேன். போன வாரம்தான் அதை ஒரு வேனுக்குள் உட்கார்ந்து இரண்டு ராத்திரி பார்த்தேன்.

எதிர் டிரெய்லரில் ஒரு கிழவர் இருக்கிறார் என்று எழுதியிருந்தேனே, இடுப்பில் கயிற்றைக் கட்டி லாரி டயரை இழுத்துக்கொண்டு போவாரே, அவர்தான். மே மாதத்திலிருந்து உச்சி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு ஓடினார். மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மரணப் பள்ளத்தாக்கில் நடக்கும் பேட்வாட்டர் ஓட்டத்துக்குத் தயார் செய்கிறார் என்று. கூட வரும் நாலு பேரில் ஒருவருக்கு முடியாமல் போக, என்னைக் கூப்பிட்டார்.

அந்த ஓட்டம் 217 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உப்புப் படிந்த பள்ளத்தில் கிளம்பி, எங்கள் ஊர் வழியாக, விட்னி மலையடியில் 2,530 மீட்டர் உயரத்தில் முடியும். நடுவில் இரண்டு மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் 4,400 மீட்டருக்கு மேல். 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலில் ஒற்றை ஆளாக இந்த வழியை ஓடி முடித்தவர் ஆல் அர்னால்ட், 1977-இல், மூன்றாவது முயற்சியில். 1987 முதல் போட்டியாக நடக்கிறது. முன்பெல்லாம் காலையில் கிளப்புவார்கள், இப்போது இரவு 8 மணியிலிருந்து அணி அணியாக விடுகிறார்கள். பரிசுப் பணம் கிடையாது, ஒரு பெல்ட் பக்கிள்தான். இதுக்காடா இவ்வளவு என்று அம்மா கேட்பாள். பழனியில் மட்டும் என்ன கொடுக்கிறார்கள்?

ராத்திரி என்றதும் குளிர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலையில் அங்கே பகல் சராசரி 47 டிகிரி. விடியற்காலையில் குறைந்தாலும் சராசரி 31-தான். 1913 ஜூலை 10-இல் 56.7 அளந்திருக்கிறார்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை ராத்திரியில்தான் கக்குகிறது. காற்று அடித்தால் செங்கல் சூளை வாயில் நின்றாற்போல் இருக்கும். வியர்வை கண்ணுக்கே தெரியாது, வந்த வேகத்தில் காய்ந்து, சட்டையில் உப்பு மட்டும் பூத்து நிற்கும். அதனால் வியர்க்கவில்லை, தாகமில்லை என்று ஆள் ஏமாந்து போவார். நம் ஆற்றங்கரைப் புழுக்கம் நேர்மாறு: வியர்வை சொட்டும், காயாது, உடம்பு குளிராது. ரெண்டிலும் ஆபத்து உண்டு, வேறு வேறு விதத்தில்.

வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் வேன்தான் எல்லாம். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு ஒருதரம் முன்னே போய், நாலு சக்கரமும் ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும்படி நிறுத்தி, அவர் வருவதற்குள் கையில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஐஸ் பெட்டி இரண்டு: ஒன்று வாய்க்கு, ஒன்று மேலுக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது. வியர்வைக் கை பட்ட ஐஸை குடிக்கிற தண்ணீரில் போட்டால் வயிற்றைக் கெடுத்துவிடும், பிறகு அவ்வளவுதான். மேலுக்கான ஐஸைத் துணியில் உருட்டிக் கழுத்தில் கட்டுவோம், தொப்பிக்குள் ஒரு கைப்பிடி, கைச்சட்டைக்குள் கொஞ்சம். சட்டை எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். நல்ல வெயிலில் ஒரு கழுத்துக்கட்டு இருபது நிமிஷம்கூடத் தாங்காது. ஐஸ் வாங்க எங்கள் ஊருக்கு முன்னால் வழியில் மூன்று இடம்தான்: ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பானமின்ட் ஸ்பிரிங்ஸ். பத்து வேன் ஒரே நேரத்தில் போய் நின்றால் கடை காலி. பாதிப் பெட்டி இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

எனக்குக் கணக்கப்பிள்ளை வேலை. ஒரு நோட்டில் கட்டம் போட்டு மணிக்கு மணி எழுதுவது: எவ்வளவு குடித்தார், உப்பு எவ்வளவு, என்ன தின்றார், சிறுநீர் போனாரா, என்ன நிறம். மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை, மடக்கு மடக்காக. உப்பில்லாமல் வெறும் தண்ணீரைக் குடி குடி என்று ஊற்றுவதும் கெடுதல்தான். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் விரல் வீங்கும், மோதிரம் இறுகும், குமட்டும், பேச்சு குழறும். பார்ப்பவர்கள் நீர் வற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், ஆள் இன்னும் மோசமாவார். எடை கூடியிருந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். கிழவர் வேனில் எடை மிஷினே வைத்திருந்தார். சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை தொடவே கூடாது, அதுவும் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும்.

ஸ்டவ்பைப் வெல்ஸ் தாண்டியதும் 27 கிலோமீட்டர் ஒரே ஏற்றம், 1,500 மீட்டர் உயரத்துக்கு. கார்க்காரர்களுக்கே, எஞ்சின் சூடாகும், ஏசியை அணை என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் யாரும் பெரிதாக ஓடுவதில்லை, நடைதான். கெடுதல் இறக்கத்தில் நடக்கிறது. தொடைத்தசை கிழியும், கால்விரல் ஷூ முனையில் முட்டி நகம் கறுக்கும். அதனால் இறங்குவதற்கு முன் நின்று கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அடியைச் சின்னதாக வைக்க வேண்டும்.

கிழவருக்கு வயிறு பானமின்ட்டில் மூடிக்கொண்டது. உடம்பைக் குளிர்விக்க இரத்தமெல்லாம் தோலுக்கு ஓடிவிடுவதால் வயிற்றுக்கு மிச்சமில்லை, உள்ளே போனது அப்படியே திரும்பி வரும். அவர் கொண்டுவந்திருந்த இனிப்புப் பசை, உப்பு உருளைக்கிழங்கு, நூடுல்ஸ் சாறு எதுவும் நிற்கவில்லை. இரண்டாம் இரவு, டார்வின் பிரிவு. மணி ஒன்று. அங்கே 1,500 மீட்டர் உயரம், ஈரச் சட்டையோடு ஆள் வெடவெடவென்று நடுங்கினார். முதலில் சட்டையை மாற்றினோம். பிறகு பிளாஸ்கில் நான் எனக்கென்று வைத்திருந்த கஞ்சியை, குழைய வடித்த சோற்றை இஞ்சி தட்டிப் போட்டுக் கரைத்து, உப்பு ஒரு பங்கு கூடுதலாக, மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். நாலு மடக்கு, பத்து நிமிஷம் உட்கார்ந்தார், இன்னும் நாலு மடக்கு. நின்றது. "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார். கஞ்சி என்றேன். விடியும்வரை வேனைக் கண்டபோதெல்லாம் "கான்ஜி, கான்ஜி" என்றுதான் வந்தார். மறுநாள் மாலை 4 மணிக்கு, 44 மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பா, இனி உங்களுக்கு. வெயில் பழக்கத்துக்கு இங்கே ஓடுகிறவர்கள் 10, 14 நாள் வெயிலில் காய்கிறார்கள். வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும். விட்டால் மூன்று நாலு வாரத்தில் அந்தப் பழக்கம் போய்விடும். உங்களுக்கு அது வேண்டாம், கரும்புக் காட்டில் முறுகின உடம்பு. உங்களுக்கு வேண்டியது கால். இப்போதிருந்தே வாரம் ஒருநாள் வாய்க்கால் மேட்டில் நீளமாக நடங்கள், வாரத்துக்கு வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டி. ராத்திரி நடையில் எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். இங்கே இடப்பக்கம், நம் ஊரில் அது வலப்பக்கம். முன்னும் பின்னும் ஒளிரும் பட்டை, விளக்கு. விளக்கைக் குறைத்து வையுங்கள், முழு வெளிச்சத்தில் பாட்டரி விடியும்வரை நிற்காது. மணிக்கு ஒருதரம் உப்பு மோர். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடி. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வழக்கத்தைவிட நிறைய நடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். கை நடுங்கினாலோ திடீரென்று வேர்த்தாலோ உடனே வாயில் போடுங்கள்.

செருப்பு விஷயம். மரணப் பள்ளத்தாக்கில் 1972-இல் தரைச் சூடு 93.9 டிகிரி அளந்திருக்கிறார்கள். ஷூ போட்டவர்களே பகலில் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின்மேல்தான் ஓடுகிறார்கள், தாரைவிட அது சூடு குறைவு. நம் பாதயாத்திரைக்காரர்களும் அப்படித்தான் நடப்பார்கள், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் சர்க்கரைக் காலுக்குச் சூடே தெரியாமல் போகலாம். முள் குத்தினது, கொப்புளம் போட்டது எதுவும் தெரியாமல் நடந்துவிடுவீர்கள். வெறுங்காலோடு வருகிறேன் என்று வேண்டினீர்களா, நடந்து வருகிறேன் என்று வேண்டினீர்களா? நடந்து வருகிறேன் என்றுதானே. அடிவாரம்வரை ஷூ போட்டுக்கொள்ளுங்கள், படிக்கட்டில் வெறுங்கால். வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள்.

————————

அக்கா, இனி உனக்கு மட்டும்.

ஷூ வழக்கமான அளவுக்கு ஒரு நம்பர் கூட வாங்கு, நடக்க நடக்கக் கால் வீங்கும். கடைக்குச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போ, காலையில் அல்ல. பங்குனிக்கு முன்பே இரண்டு மாதம் போட்டுப் பழக வேண்டும், புது ஷூவில் நடப்பதும் வெறுங்காலில் நடப்பதும் ஒன்றுதான். விரலிடுக்கில் வாசலின், அதன்மேல் காலுறை. உறை ஈரமானால் மாற்று. கொப்புளத்துக்குக் காரணமே சூடும் ஈரமும் உராய்வும் சேர்வது. மூன்றில் ஒன்றைக் குறைத்தால் பாதி போய்விடும். கிழவருக்குக் கொப்புளம் போட்டபோது சுட்ட ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுத்து, மேல்தோலை உரிக்காமல் பிளாஸ்திரி ஒட்டினோம். அப்பாவுக்கு அதையும் செய்யாதே. அவர் கொப்புளத்தை ஊசியால் தொடாமல் டாக்டரிடம் போ. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீயோ மாமாவோ அவர் பாதத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், அவரைக் கேட்காதே, "ஒண்ணுமில்லை" என்பார். அதற்கு முன்னால் ஈரோட்டில் சர்க்கரை டாக்டரிடம் காட்டி, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்கச் சொல். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கிற மாத்திரை இருந்தால், நடக்கிற மூன்று நாளும் என்ன செய்வது என்று அவரையே கேள்.

மாமா ஆம்னியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வரட்டும். நீ நோட்டு எழுது. வண்டியில் உட்காருகிறவர்களும் சாப்பிட்டுத் தூங்கித்தான் ஆக வேண்டும். அங்கே ஓடுகிறவர் நன்றாக இருக்க வேன்காரர்கள் மயங்கி விழுவது உண்டு.

இங்கே வேலை பரவாயில்லை. லாட்ஜில் ராத்திரி கவுண்டர். பகலில் தூங்குகிறேன். ஏசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, போடுவதில்லை. இந்த மாதம் பாதிதான் அனுப்ப முடிந்தது, கார் டயர் மாற்றினேன், வேறொன்றுமில்லை. அம்மா கேட்டால் பேங்கில் லேட்டு என்று சொல்.

மலை மேலே ஐஸ் உருகி ஒரு சின்ன ஓடை எங்கள் தெருவுக்குப் பின்னால் போகிறது. நேற்று வேலை முடிந்து வரும்போது அதில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் தேதி ஆடிப்பெருக்கு என்று அப்போதுதான் நினைவு வந்தது. கொடுமுடியில் படித்துறை கொள்ளாமல் கூட்டம் நிற்கும். நீ மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு சித்ரான்னத்தைப் பிரித்தால் முதல் உருண்டை எனக்குத்தான் தருவாய். இந்த வருஷம் அதைச் சின்னவனுக்குக் கொடு.

மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு? வடக்கு வயல் மஞ்சளுக்குக் களை எடுத்தாயிற்றா? பெரியப்பா வீட்டுப் பங்கு விஷயத்தில் அப்பா வெறும் வாய்வார்த்தையில் ஒத்துக்கொண்டிருக்கிறார், சர்வேயர் வந்து கல் நட்டபிறகுதான் கையெழுத்து என்று மாமா கறாராகச் சொல்ல வேண்டும். அத்தை பெண் சீருக்கு நீயே முன்னால் போட்டுவிடு, ஐப்பசிக்குள் அனுப்பிவிடுகிறேன். மூத்தவள் காலேஜ் பீஸ் கடைசி நாள் எப்போது என்று எழுது, வாட்ஸப்பில் வேண்டாம், அம்மா பார்த்துவிடுவாள்.

அப்பாவின் கால் அளவை ஒரு தாளில் பென்சிலால் வரைந்து அடுத்த கடுதாசியோடு வை. இரண்டு காலும். சாயங்காலத்தில் வரை.

அன்புடன்,
தம்பி