ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் சார்லி பேக்கர் அவர்களுக்கும், எஸ்.இ.சி., பிக் டென், ஏ.சி.சி., பிக் 12 ஆகிய நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களின் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புகள்) ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

ஒஹாயோவில் நடுத்தர அளவுள்ள ஒரு பல்கலைக்கழக ஊரில் பதினேழு வருஷமாகக் குடியிருக்கிறேன். தொழில், கணக்கு. ஊர்ப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ராத்திரியில், டி.வி.க்காக வைக்கிற ஆட்டத்துக்குக் கூட, அலுமினிய பெஞ்சில் கம்பளியை விரித்து உட்கார்ந்துவிடுகிற ஆள். இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவது, இங்கே என்னோடு சனிக்கிழமைகளில் ஆட்டம் பார்க்கிற நண்பர்களுக்காக. "பசங்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பிச்சதும் ஆட்டமே கெட்டுப்போச்சு" என்று அவர்களும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு முதலில் கிளம்பியது உங்களிடமிருந்துதான். அதனால் பதிலையும் உங்களுக்கே எழுதுகிறேன்.

போன வருஷம் மார்ச் மாதம், வருமான வரிப் படிவம் இலவசமாக நிரப்பித் தரும் முகாமில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் வந்தான். இருபது வயது, எங்கள் ஆட்டத்தில் தடுப்பு வரிசையில் ஆடுகிற லைன்பேக்கர். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் ஃபோனைத் திறந்து காட்டினான். சம்பளம் அல்லாத வருமானத்தைக் காட்டுகிற 1099 படிவம் ஒன்று, பதினெட்டாயிரம் டாலருக்கு. கூடவே பன்னிரண்டு பக்க ஒப்பந்தம். அதை ஃபோனில்தான் படித்திருக்கிறான், ஃபோனிலேயே விரலால் கையெழுத்தும் போட்டிருக்கிறான். அது வரி பிடிக்காமல் வந்த பணம் என்பது அவனுக்குத் தெரியாது. வருமான வரி போக, சுயதொழில் வரி 15.3 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும் என்றேன். "நான் தொழில் எதுவும் செய்யலையே, ஆடத்தானே செய்றேன்" என்றான். பணத்தில் பெரும்பகுதி அம்மாவின் வீட்டு வாடகைக்குப் போய்விட்டிருந்தது.

ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். ஏழாம் பிரிவு: பணம் தருகிற தரப்பு முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஒன்பதாம் பிரிவு: பையன் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் வாங்கியதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். அடிபட்டு ஆட முடியாமல் போனால் என்ன என்பதற்கு ஒரு வரி இல்லை. இருபத்தைந்து வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். பெட்டிக்கடை குத்தகைப் பத்திரத்தில் கூட இதைவிட நியாயம் பார்த்திருக்கிறேன்.

அவன் தொழிலாளி இல்லையாம், சம்பளக்காரன் இல்லையாம். வரித்துறைக்கு சுயதொழில்காரன், உங்களுக்கு "மாணவ விளையாட்டு வீரன்". இந்தக் குழப்பம் தானாக வந்ததில்லை. 1955இல் கொலராடோவில் ஒரு கல்லூரி ஆட்டத்தில் ரே டென்னிசன் என்ற வீரர் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தருகிற இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கிடைக்காது என்று 1957இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் உங்கள் முதல் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸ் பரப்பிய சொல்தான் "மாணவ விளையாட்டு வீரன்". எழுபது வருஷமாகியும் அதை விட மறுக்கிறீர்கள்.

சரி, போட்டிக்கு வருகிறேன். வீரர்களுக்குப் பணம் கொடுத்தால் அணிகளுக்கு இடையேயான சமநிலை குலைந்துவிடும் என்று முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஒபானன் உங்கள் மேல் போட்ட வழக்கில் வாதாடினீர்கள். நீதிபதி கிளாடியா வில்கன் 2014இல் அதை ஏற்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதற்கு தேசியப் பட்டத்துக்காக நீங்கள் நடத்திய கடைசிச் சுற்றான பிளேஆஃபே சாட்சி. பெயரையும் படத்தையும் வைத்து வீரர்கள் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் கதவைத் திறந்தீர்கள். அதற்கு முந்தைய ஏழு சீசன்களில் பிளேஆஃபில் இருந்தது மொத்தம் 28 இடம். அலபாமாவுக்கு 6, கிளெம்சனுக்கு 6, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 4, ஓக்லஹோமாவுக்கு 4. பெயரையும் படத்தையும் வைத்துப் பசங்கள் சட்டப்படி ஒரு டாலரும் சம்பாதிக்க முடியாத காலத்தில் நாலே பல்கலைக்கழகம் 20 இடத்தை எடுத்துக்கொண்டது. பணம் அப்போதும் ஓடியது. கோச் சம்பளமாக ஓடியது, லாக்கர் அறையின் பளிங்குச் சுவராக ஓடியது. அணி மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும் என்ற விதி இருந்ததால், வேறு இடத்தில் முதல் ஆளாக ஆடக்கூடியவன் அலபாமாவில் மூன்றாவது வரிசையில் காத்துக்கிடந்தான்.

இப்போது பாருங்கள். 2024 அக்டோபர் 5ஆம் தேதி வாண்டர்பில்ட், முதல் இடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று சாய்த்தது. அலபாமாவை அவர்கள் ஜெயித்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி நாஷ்வில் தெருக்கள் வழியாகத் தூக்கிப்போய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். அன்று தாக்குதலை நடத்திய குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா, நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து மாறி வந்தவர். இந்தியானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. 2025 சீசனில் 16 ஆட்டம், 16 வெற்றி, தேசியப் பட்டம். கலிபோர்னியாவிலிருந்து மாறி வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசாவுக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது. அந்த சீசனுக்கு முன் பிக் டென் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் கடைசியாகத் தொட்டது 1967இல், அதுவும் பங்கிட்டுக்கொண்ட பட்டம். காசும், அணி மாற விரும்புகிறவர்கள் பெயரைப் பதிகிற போர்ட்டலும் மட்டும் இதைச் செய்யவில்லை. கோச் கர்ட் சிக்னெட்டி இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அவை இல்லாமல் சிக்னெட்டியாலும் இரண்டு வருஷத்தில் இதைச் செய்திருக்க முடியாது. அந்த சீசனில்தான் டெக்சஸ் டெக்கும் முதல் முறையாக பிக் 12 பட்டம் வாங்கியது. அங்கே அந்த அணியில் முன்பு ஆடிய எண்ணெய்த் தொழிலதிபர் கோடி கேம்பல் பணத்தை இறக்கினார். மேல் தட்டில் போட்டி செத்துவிடவில்லை. நான் பார்த்த வருஷங்களில் இவ்வளவு உயிரோடு இருந்ததே இல்லை.

கீழே இறங்கி வாருங்கள், அங்கேதான் வலி. சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து இந்தியானாவுக்குப் போனபோது ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். ஜேம்ஸ் மேடிசன் எழுந்து நின்றுகொண்டது. எல்லா அணிக்கும் அது முடியாது. எங்கள் ஊர் அணியில் நன்றாக ஓடுகிற பையன் ஒருவன் கண்ணில் பட்டாலே பக்கத்து சீட்டுக்காரர், "இவன் டிசம்பரில் போய்விடுவான்" என்கிறார். போய்விடுகிறான். என் மகள் ஆசையாக வாங்கிய எட்டாம் நம்பர் சட்டை ஒரு சீசனைத் தாண்டவில்லை. எங்களைப் போன்ற பல்கலைக்கழகங்கள் நாற்றங்காலாகிவிட்டன. விதை தூவி, தண்ணீர் பாய்ச்சி, நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் பறித்துக்கொண்டுபோய் வேறொருவர் வயலில் நடுகிறார்கள். நாற்றங்காலுக்கு ஒரு பிடி நெல் கூட வருவதில்லை.

இந்தப் பையன்கள் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு மடங்கு பணம் கொடுத்தால் என் மகனைக்கூட நான் போகச் சொல்வேன். விசுவாசம் பற்றி உங்கள் பக்கம் யாரும் பேச வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் ஓல் மிஸ் அணி 11 வெற்றி, 1 தோல்வி என்று பிளேஆஃப் வாசலில் நின்றபோது, அதன் கோச் லேன் கிஃபின் போட்டி அணியான எல்.எஸ்.யு.வுக்குக் கிளம்பிப் போனார். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023இல் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்க ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கு மேல்.

பணம் கேட்டு வீரர்கள் உங்கள் மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றீர்கள். 2025 ஜூன் 6ஆம் தேதி அதே நீதிபதி வில்கன் ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்குப் பத்து வருஷத்தில் சுமார் 280 கோடி டாலர். இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருஷ உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்தப் பழைய கடனை அடைக்க, பெரிய ஃபுட்பால் டி.வி. ஒப்பந்தங்களால் ஒன்றும் பெறாத சின்னக் கல்லூரிகளின் பங்கிலும் கை வைத்தீர்கள். அப்புறம், உச்சவரம்புக்கு வெளியே வருகிற விளம்பர ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், ஒப்பந்தங்களைச் சரிபார்க்கிற என்.ஐ.எல். கோ என்ற சல்லடை வழியாக வர வேண்டும் என்றீர்கள். சல்லடையின் ஓட்டை எங்கே என்று வக்கீல்கள் முதல் வாரமே தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த உச்சவரம்பு ஏன் நிற்காது என்று உங்கள் வக்கீல்களுக்கே தெரியும். முதலாளிகள் தங்களுக்குள் கூடி, வேலை செய்பவனுக்கு இவ்வளவுதான் கூலி என்று முடிவுசெய்தால் அது போட்டிச் சட்டத்துக்கு விரோதம். வீரர்களுக்கான படிப்புச் சலுகைகளுக்கு நீங்கள் வைத்த வரம்பு பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று உங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு அப்பாற்பட்டது இல்லை என்று நீதிபதி கவனா தனியாகவே எழுதினார். தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லிலும் சம்பள உச்சவரம்பு இருக்கிறது, 1994இல் வந்தது. அது நிற்கிறது, ஏனென்றால் எதிர்ப்பக்கம் வீரர்களின் சங்கம் உட்கார்ந்து பேரம் பேசிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நீங்களோ அந்த ஒரு நாற்காலியைப் போடாமல் தப்பிக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வாசலில் போய் நிற்கிறீர்கள். வழக்கிலிருந்து பாதுகாப்பும், வீரர்கள் ஊழியர்கள் ஆக முடியாது என்ற உறுதியும் கேட்கிற ஸ்கோர் மசோதா, 2025 டிசம்பரில் ஓட்டெடுப்புக்கு வரும் முன்பே பின்வாங்கப்பட்டது.

அந்த வாசலை விட்டு வாருங்கள். ஃபுட்பால் ஆட்டக்காரர்களை ஒரு சங்கமாக ஏற்றுக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். வட கரோலினா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர்களோடு கூட்டு ஒப்பந்தம் போடச் சட்டம் இடம் தராது என்பது எனக்குத் தெரியும். காங்கிரஸிடம் கேட்பதாக இருந்தால் அந்த முட்டுக்கட்டையை நீக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்களோடு நாங்களும் கேட்கிறோம். இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று இரு தரப்பையும் ஒரே மாதிரி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் வரட்டும். பையன் நடுவில் போக முடியாது. நீங்களும் அவனை நடுவில் கைவிட முடியாது. அடிபட்டால் படிப்பு முடிந்த பிறகும் மருத்துவச் செலவு உங்களுடையது என்று எழுதுங்கள்.

நாற்றங்காலுக்கும் வழி இருக்கிறது. உலகக் கால்பந்தில் ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் கிளப் மாறினால், கைமாறும் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போகிறது. அதே போல, பெரிய கான்ஃபரன்ஸ் பல்கலைக்கழகம் ஒரு வீரரை எடுத்தால் அவரை வளர்த்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்கு தரட்டும். பையன் சம்பளத்தில் பிடிக்காமல், எடுக்கிறவர்கள் தங்கள் பையிலிருந்து தரட்டும். எங்கள் கோச் அதை வைத்து அடுத்த பையனைத் தேடுவார்.

போர்ட்டல் திறக்கும் காலத்தை ஜனவரியில் இரண்டே வாரமாகச் சுருக்கினீர்கள், நல்லது. அந்த இரண்டு வாரத்தில் நான் முகாமில் பார்த்த லைன்பேக்கரும் பெயரைப் போட்டான், ஒன்பதாம் பிரிவைத் தெரிந்துகொண்டே போட்டான். திருப்பித் தர வேண்டிய பணத்துக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்று ஒரு ராத்திரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டான். கணக்குப் போட்டுச் சொன்னேன்.

அவன் சம்மதத்தோடு, பெயர்களை மறைத்து, அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் ஆங்கில மடலோடு இணைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த கூட்டத்தில் ஏழாம் பிரிவையும் ஒன்பதாம் பிரிவையும் ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒஹாயோவிலிருந்து ஒரு சீசன் டிக்கெட்காரர்