ஆல்காக்கின் இறால் எங்கள் ஏலக்கூடத்தில் இருக்கிறது

இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர் அவர்களுக்கும், கொல்கத்தாவிலும் சென்னையிலும் பணியாற்றும் அதன் அறிவியலாளர்களுக்கும்,

வணக்கம்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் இரவு ஏலம் பார்த்துக்கொண்டு நின்றபோது மனதில் எழுந்த வேண்டுகோள் இது. ஆழத்துக்குப் போய்வந்த விசைப்படகு ஒன்று இறக்கிய கூடைகளில் செக்கச்சிவந்த இறால். ஒரு கூடையில் இருந்தவற்றின் உடலில் சிவப்பு வளையங்கள். வியாபாரிகள் 'ரெட் ரிங்' என்பார்கள். பக்கத்துக் கூடையில் வேறு வகை. கூன் விழுந்த முதுகில் ஒரு முள் நிமிர்ந்து நிற்க, பலவும் வயிற்றடியில் முட்டையைச் சுமந்திருந்தன. ரெட் ரிங்கின் அறிவியல் பெயர் அரிஸ்டியஸ் ஆல்காக்கி. ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த தம்பியிடம், ஆல்காக் என்பது ஒரு கப்பல் மருத்துவரின் பெயர் என்றேன். "அவரும் மடி இழுத்தாரா சார்?" என்று கேட்டான்.

மடி என்கிற இழுவலையை அவரும் இழுத்தார். 1859இல் பம்பாயில் ஒரு கப்பல் தலைவரின் மகனாகப் பிறந்த ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக், குடும்பம் நொடித்துப்போனதால் பதினேழு வயதில் வயநாட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வந்தவர். அங்கே நிலைக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு கம்பெனி வேலை, அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் வேலை, டார்ஜிலிங்கில் வாத்தியார் வேலை என்று அலைந்தார். அதன் பிறகுதான் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போய் மருத்துவம் படித்தார். எந்தத் தொழிலிலும் காலூன்றாத ஓர் இளைஞன், பிற்காலத்தில் இந்தியக் கடலின் நண்டு வகைகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிவைத்தான் என்பதை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்கிறேன்.

1888இல் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலின் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் அவர் சேர்ந்தார். பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில் 1881இல் உருவான, துடுப்புச் சக்கரம் வைத்த மரக்கப்பல் அது. அதன் வேலை கடற்கரைகளை அளந்து வரைபடம் தயாரிப்பது. ஆழத்தில் மடி இறக்குவதெல்லாம் அந்த வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில்தான். மழைக்காலத்தில் அளவைப் பணி நின்றதும், பிடித்தவற்றோடு கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். 1892 வரை அப்படியே ஓடியது. மறு ஆண்டே அந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் ஆனார்.

அவருடைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது திருக்கையைப் பற்றியது. என் பெரியம்மா கருவாட்டுக்குத் திருக்கை அறுப்பார். சினைத் திருக்கையின் வயிற்றைக் கீறினால், சிறகை வெற்றிலைச் சுருள் போல மடித்துக்கொண்ட குட்டி வழுக்கி வெளியே வரும். கூடவே வெள்ளையாக ஒரு நீர். "பால் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு, பாவம்" என்பார் பெரியம்மா. அது பேச்சுக்குச் சொல்வது என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். 1891இல் ஆல்காக்கும் அவருக்கு முன் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த வுட்-மேசனும் எழுதிய கட்டுரையைப் படித்த நாளில் உடல் சிலிர்த்தது. அகன்ற சிறகுடைய ஒரு திருக்கையின் கருப்பைச் சுவரில் நூல் நூலாகத் தொங்கும் தசைத்துணுக்குகள் பால் போன்ற நீரைச் சுரக்கின்றன. கண்ணுக்குப் பின்னால் உள்ள துளைகளின் வழியாகக் குட்டியின் தொண்டைக்குள்ளேயே அவை நுழைந்து ஊட்டுகின்றன. பெரியம்மா சொன்னது சரி.

ஐயா, அம்மா, என் வேண்டுகோள் இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கப்பலின் சேகரம் இந்திய அருங்காட்சியகத்திலிருந்து உங்கள் கைக்கு வந்தது. 1916இல் உங்கள் நிறுவனம் தொடங்கியதிலிருந்து அதைக் காத்துவருகிறீர்கள். அதற்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. அந்தச் சேகரத்துக்காக வரைந்த சித்திரங்கள் இன்றைக்கும் வியக்கவைக்கின்றன. ஏ. சி. சௌத்ரி, எஸ். சி. மண்டல் என்ற இரண்டு வங்காள ஓவியர்கள் மீசை இழை ஒன்றைக்கூட விடாமல் வரைந்தார்கள். அந்தச் சித்திரங்களைத் தமிழ் விளக்கத்தோடு எங்கள் இறங்குதளங்களுக்கு அனுப்புங்கள். தூத்துக்குடி ஏலக்கூடத்தில் ஆழ்கடல் இனங்களுக்கான தமிழ்க் கையேடு எதையும் நான் பார்த்ததில்லை.

ஏன் இப்போது என்று கேட்கலாம். முட்டை சுமந்த அந்தக் கூன்முதுகு இறால் ஹெட்டரோகார்பஸ் வுட்மேசோனி; 1901இல் ஆல்காக் தன்னோடு கட்டுரை எழுதிய வுட்-மேசனின் பெயரை அதற்குச் சூட்டினார். அன்று ஆய்வுக்காகச் சீசாவில் போட்ட இனம், இன்று கிலோக் கணக்கில் விலைபோகிறது. முட்டையோடு வருவதை அடையாளம் காணவும், எந்த ஆழத்தில் எந்த மாதம் வருகிறது என்று குறித்துவைக்கவும் படகுக்காரர்களால் முடியும். அந்தக் காலத்துச் சீசாக்களின் விவரச் சீட்டுகளில் ஆழத்தை ஃபேதம் (ஆறடி) கணக்கில் எழுதியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் இன்றும் பாகம் என்று அளப்பது ஏறக்குறைய அதே அளவைத்தான். புதிதாக ஒரு சீட்டு எழுதும்போது பிடித்தவரின் பெயரும், அவர் சொன்ன பாகமும், ஊர் வழக்கில் அந்த உயிரின் பெயரும் அதில் இடம்பெறட்டும். இன்வெஸ்டிகேட்டரில் கயிறு இழுத்த லஸ்கர்கள் என்ற இந்திய மாலுமிகளின் பெயர் எனக்குத் தெரிந்த எந்த உயிரினத்துக்கும் சூட்டப்படவில்லை. அன்றைய இந்தியக் கடல்துறையின் இயக்குநர் ஹெக்ஸ்ட்டின் பெயரை ஓர் இறால் சுமக்கிறது, சொலனோசெரா ஹெக்ஸ்டி என்று. அதுவும் எங்கள் ஏலத்துக்கு வருகிற இறால்தான்.

படங்களையும் விளக்கத்தையும் நீங்கள் தாருங்கள். ஊர்ப் பெயர்களைத் திரட்டும் வேலையை நானும் என் மாணவர்களும் ஏற்கிறோம். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை துறைதுறையாகப் போய்க் கேட்டு எழுதித் தருகிறோம். திருக்கைப் பக்கத்தை மட்டும் அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்புங்கள். பெரியம்மாவுக்கு எண்பது வயதாகிறது. அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒரு விலங்கியல் ஆசிரியர்