இரண்டாம் தவணை விடுமுறை: பெற்றாருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றாருக்கும் பாதுகாவலருக்கும்,

இரண்டாம் தவணை நிறைவடையும் இவ்வேளையில் உங்கள் அனைவருக்கும் எனது வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். விளையாட்டுப் போட்டி, தமிழ்மொழித் தினப் போட்டிகள், தவணைப் பரீட்சை யாவும் குறித்தபடி நடந்தேறின. பங்குபற்றிய மாணவரையும், பயிற்றுவித்த ஆசிரியர்களையும், மைதானத்தைத் துப்புரவாக்கித் தந்த பெற்றாரையும் பாராட்டுகிறேன். புலமைப்பரிசில் மாலை வகுப்புகளுக்குப் பிள்ளைகளைத் தவறாது அழைத்துவந்த தாய்மாருக்கும் நன்றி.

இவற்றோடு, விடுமுறையில் பிள்ளைகள் கூலி வேலைக்குச் செல்வது பற்றியும் உங்களிடம் பேச வேண்டியுள்ளது.

ஆவணி விடுமுறை நம் பகுதியில் வேலை மிகுந்த காலம் என்பதை நான் அறிவேன். குளத்து நீரை நம்பி விதைத்த சிறுபோக நெல் அறுவடைக்கு வருகிறது. வெட்டு மெசின் வந்த பின் அரிவாள் பிடிக்கும் வேலை குறைந்தாலும், நெல்லைக் காயவைக்கவும், மூடை கட்டவும், ஏற்றவும் ஆள் தேவைப்படுகிறது. கச்சான் பிடுங்குவதற்கும் மிளகாய் ஆய்வதற்கும் தோட்டங்களில் ஆள் தேடுகிறார்கள். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பு நடக்கிறது. ஆகஸ்ட் 15 மடு மாதா கோயில் பெருநாளுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் கச்சான் கடை, விளையாட்டுச் சாமான் கடை, ஐஸ்கிறீம் வான் போடுவோர் வீடு வீடாக வந்து பிள்ளைகளைக் கேட்கிறார்கள். கடன் தவணை கட்ட வேண்டிய வாரத்தில், மகன் கொண்டுவரும் ஒரு நாட்சம்பளம் சில வீடுகளில் எவ்வளவு பெரியது என்பதும் எனக்குத் தெரியும். நானும் இந்த மண்ணில் மிளகாய் ஆய்ந்த கூலியில் கொப்பி வாங்கிப் படித்தவன். ஆகவே உழைப்பதை இழிவாகக் கருதி இதை எழுதுகிறேன் என்று தயவுசெய்து எவரும் எண்ண வேண்டாம்.

எனினும், கடந்த ஆண்டு இதே விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய நாளில் தரம் 10, 11 வகுப்புகளுக்குள் சென்றபோது பின்வரிசை வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. சிலர் ஒரு வாரம் கழித்தும், சிலர் மூன்று வாரம் கழித்தும் வந்தார்கள். ஒரு சிலர் வரவேயில்லை. வகுப்பாசிரியர்கள் வீடுகளுக்குச் சென்று விசாரித்தபோது பெரும்பாலான பெற்றார் கூறிய காரணம் ஒன்றுதான்: பிள்ளையின் கூலி முழுவதும் முதலாளியின் கையில் இருக்கிறது, வேலை முடிந்த பின்பே தருவார், இடையில் வந்தால் காசு கிடைக்காது. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடைபெறுவது. ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் கொடியேறி ஆவணி அமாவாசையை ஒட்டி நிறைவடையும் அத்திருவிழாவின் நாட்கள் ஆண்டுதோறும் மாறுவதால், பாடசாலை தொடங்கிய பின்பும் கடைகள் நடக்கும் ஆண்டுகள் உண்டு. சாப்பாடும் செலவுக்குச் சிறிது காசும் கொடுத்துவிட்டு, மிகுதியைக் கடைசி நாள் வரை வைத்திருப்பது பிள்ளையைக் கட்டிவைப்பதற்கு ஒப்பானது. வேலைக்கு எடுத்தவரிடம் நாளாந்தம், குறைந்தது வாரத்துக்கு ஒரு முறையாவது கூலியைத் தரும்படி முதலிலேயே கேளுங்கள். மறுப்பவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கடுமை என்று கொள்ளாமல் கடமை என்று கொள்ளுங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கூலிக்கு அமர்த்துவது இந்நாட்டில் சட்டவிரோதம். முன்பு 14 ஆக இருந்த வயதெல்லை 2021 ஆம் ஆண்டு 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வியின் வயதும் அதற்கு முன்னரே 16 ஆக்கப்பட்டுவிட்டது. 16 வயது கடந்தவராயினும் 18 ஆகும் வரை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தக்கூடாது. தரம் 9 படிக்கும் மகனை, "ஆள் வளர்ந்திட்டான் தானே" என்று சொல்லி, ஊர் பேர் தெரியாத ஒருவரின் வானில் ஏற்றி அனுப்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அவ்வாறு அனுப்பப்படும் பிள்ளை பற்றி எனக்குத் தெரியவந்தால், முதலில் உங்களை அழைத்துப் பேசுவேன். அதன் பின்பும் தொடர்ந்தால் சிறுவர் நன்னடத்தை அதிகாரிக்கு அறிவிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. சொந்த வயலில் பெற்றாரோடு நின்று நெல் காயவைக்கும் பிள்ளையை நான் இதில் சேர்க்கவில்லை.

வயது எதுவாயினும் சில வேலைகளுக்கு அனுப்பவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். 50 கிலோ சீமெந்துப் பையையும் அதிலும் பாரமான நெல் மூடையையும் வளரும் முதுகில் ஏற்றுவது, முகத்தை மூடாமல் பயிருக்கு மருந்தடிப்பது, இரவில் மணல் ஏற்றும் உழவு இயந்திரங்களில் செல்வது ஆகியன அவை. இவை எல்லாவற்றிலும் எனக்கு அச்சம் தருவது பழைய இரும்பு பொறுக்குவது. 2009 இல் போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் காடுகளிலும் பற்றைகளிலும் வெடிபொருள்கள் முற்றாக அகற்றப்படவில்லை. மழையில் மண் கரைந்து வெளித்தெரியும் இரும்புத் துண்டு எதுவென்று பிள்ளைக்குத் தெரியாது, அதை நிறுத்து வாங்கும் கடைக்காரருக்கும் தெரியாது. ஒரு கிலோ இரும்பின் விலை என்னவாயினும் அதற்காகப் பிள்ளையைப் பற்றைக்குள் அனுப்ப வேண்டாம். அப்படியான பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் பார்த்துக்கொண்டு வந்து பெரியவர்களிடம் சொல்லும்படி இன்றே வீட்டில் கூறுங்கள்.

16 வயது நிறைந்த உயர்தர மாணவர்கள் விடுமுறையில் ஒரு கடையிலோ தோட்டத்திலோ நின்று நாலு காசு சேர்ப்பதை நான் தடுக்கவில்லை. பேருந்துச் செலவுக்குத் தாயிடம் கையேந்தாமல் தன் காசில் வரும் பிள்ளையின் நடையிலேயே ஒரு நிமிர்வு தெரிகிறது. அதைக் கண்டு நான் மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் போகும் இடம், முதலாளியின் பெயரும் தொலைபேசி இலக்கமும், தங்குமிடம், வேலை நேரம், நாட்சம்பளம், திரும்பும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியருக்கும் ஒரு பிரதி தாருங்கள். தொடக்கத்தில் ஒரு முறையாவது அந்த இடத்தை நேரில் சென்று பாருங்கள். பெண் பிள்ளைகளை இரவு தங்கும் வேலைக்கு, தெரிந்த வீடாயினும், அனுப்பாதிருப்பதே நல்லது. பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்பதையும், விடுமுறைக்குப் பின் இழக்கும் ஒவ்வொரு நாளும் அதில் கழியும் என்பதையும் பிள்ளைக்கு நினைவூட்டுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று அறிந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929 க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

கொப்பி, சப்பாத்து, பயணச் செலவு ஆகியவற்றுக்காகவே பிள்ளையை வேலைக்கு அனுப்ப நேர்ந்தால், அதற்கு முன் தயங்காமல் என்னிடம் வாருங்கள். பழைய மாணவர்கள் அனுப்பும் உதவியில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கியுள்ளோம். உதவி யாருக்குக் கிடைத்தது என்பது எனக்கும் வகுப்பாசிரியருக்கும் அப்பால் செல்லாது. விடுமுறை நாட்களில் காலை 8 மணி முதல் நண்பகல் வரை நூலகம் திறந்திருக்கும். வயலுக்குச் செல்லும் தாய்மார் பிள்ளைகளை அங்கு விட்டுச் செல்லலாம்.

காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வயலுக்கும் கடலுக்கும் செல்லும் உங்களுக்கு நான் கூறியவற்றில் ஏதும் மனத்தாங்கல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தவணை முழுவதும் நீங்கள் தந்த ஒத்துழைப்புக்கு ஆசிரியர் குழாத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. மூன்றாம் தவணையின் முதல் நாள் காலையில் நான் வாயிலில் நிற்பேன். எல்லாப் பிள்ளைகளையும் எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
அதிபர்