துணிந்தவர்களின் பயிற்சியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசை, சாகச விளையாட்டு, பரிசோதனை இலக்கியம் ஆகிய துறைகளில் வழக்கத்தை உடைத்த மனிதர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்பொருளுக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சி தந்தது. ஆயினும் அவர்களுடைய கோபமும் பிடிவாதமும் உயிரைப் பொருட்படுத்தாத துணிச்சலுமே பக்கத்தை நிறைத்திருந்ததும், அவர்கள் தத்தம் கலையில் என்ன செய்தார்கள் என்பது இரண்டொரு வரிகளில் முடிந்துபோனதும் வருத்தமளித்தன. இதைத் தங்கள் நாளிதழின் குறையாக மட்டும் சொல்லவில்லை. தமிழில் பொதுவாகவே இத்தகையவர்களை நாம் இப்படித்தான் எழுதிவருகிறோம்.

நாகசுர (நாயன) வித்துவான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டு அணிந்தார், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார் என்பவற்றைப் பலமுறை படித்திருக்கிறோம். நாயனக்காரர்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றும் நடந்துமே வாசிக்க வேண்டியிருந்த காலத்தில் அவர் உட்கார இடம் கேட்டதை வினோதப் பழக்கங்களின் வரிசையில் சேர்ப்பதே தவறு. அது தன்மானக் கோரிக்கை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அவர் தம் வாத்தியத்தையே மாற்றிய கதை. அன்று வழக்கிலிருந்த திமிரி நாயனம் நீளம் குறைந்தது, சுருதி மிக உயர்ந்தது. தாம் விரும்பிய கனமான நாதத்துக்காக அவர் நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை நாடினார். அதில் 'ம' சுரத்தின் தாழ்ந்த வகையான சுத்த மத்திமம் பிசிறின்றிப் பேச வேண்டும் என்ற அவருடைய தேவைக்கு ஈடுகொடுத்து, நரசிங்கம்பேட்டை ரங்கநாதம் ஆச்சாரி புதிய நாயனத்தைக் கடைந்தெடுத்தார். இன்று நம் பாடலீசுவரர் கோயிலிலும் திருமண மண்டபங்களிலும் நாம் கேட்கும் நாயன ஒலியில் அந்த இருவரின் உழைப்பு இருக்கிறது. புல்லாங்குழல் மாலியையும் கச்சேரிக்கு வராமல் போனவர் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். வாய்ப்பாட்டில் சுரங்களை அசைத்துப் பாடும் கமகங்கள் குழலிலும் வரும்படி அவர் விரல்பிடிப்பையும் ஊதும் முறையையும் மாற்றியமைத்தது குழல் பயில்கிறவர்களுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

விளையாட்டில் இந்தக் குறை ஆபத்தாகவே முடிகிறது. அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள எல் கேப்பிட்டன் பாறையில் பாறையேற்ற வீரர் அலெக்ஸ் ஹோனால்ட் 2017 ஜூன் 3 அன்று கயிறின்றி ஏறினார்; 3 மணி 56 நிமிடங்களில் உச்சியை அடைந்தார். இந்த அளவோடு செய்தி நின்றுவிட்டால் படிக்கும் இளைஞர் மனத்தில் துணிச்சல் ஒன்றே பதியும். ஆனால் அதே பாறையில் அதே வழியில் கயிறு கட்டிக்கொண்டு அவர் எத்தனையோ முறை ஏறிப் பழகியதும், கடினமான இடங்களில் கையும் காலும் வைக்க வேண்டிய ஒழுங்கைக் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்ததும், எல்லாவற்றுக்கும் மேலாக, 2016-இல் ஏறத் தொடங்கியவர் மனம் ஒப்பாததால் இடையிலேயே முயற்சியைக் கைவிட்டதும் சேர்ந்ததுதான் அந்த ஏற்றம். திரும்பி வரத் தெரிந்ததை நான் அவருடைய பெருமைகளுள் முதலாவதாக வைப்பேன். கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வண்டியோட்டும் பிள்ளைகளையும், தேவனாம்பட்டினத்தில் அலையின் போக்கறியாமல் இறங்குகிறவர்களையும் காணும்போதெல்லாம், சாதனையாளர் பின்வாங்கிய நாளையும் நாம் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

துணிச்சலுக்கும் அதன் ஆபத்துக்கும் நம் கடல் நீச்சல் வீரர்களிடமே சான்று உண்டு. 1954-இல் ஈழத்து நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1971-இல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் அதே நீரிணையை இரு வழியும் நீந்தினார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரிழந்தார். குற்றாலீசுவரன் 1994-இல், சிறுவனாக இருக்கும்போதே, ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, அவருக்கு முந்திய நீச்சல் வீரர் மிகிர் சென்னின் சாதனையைக் கடந்தார். பின்னர் பொருளுதவி கிடைக்காமல் அவர் நீச்சலை விட நேர்ந்தபோது, கொண்டாடிய நாம் எல்லோரும் எங்கே போனோம்?

இலக்கியத்துக்கு வருகிறேன். பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வரும் எழுத்து 'e'. அந்த எழுத்தே வராமல் பிரெஞ்சு எழுத்தாளர் ழோர்ழ் பெரெக் 1969-இல் ஒரு முழு நாவலை எழுதியதை உலகம் இன்றும் வியக்கிறது, அது வியக்கத்தக்கதே. பதினேழாம் நூற்றாண்டுச் சிவப்பிரகாச சுவாமிகளின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியையும் அதன் அருகில் வைத்துப் படிக்கலாம். நிரோட்டகம் என்பதால் பாடும்போது உதடு ஒட்டக் கூடாது, குவியவும் கூடாது. ஆகவே ப, ம, வ ஆகியவற்றோடு உகர ஒகர ஒலிகளும் விலக்கு. யமகம் என்பதால் ஒரே எழுத்துத் தொடர் நான்கு அடிகளின் தொடக்கத்திலும் வந்து ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தர வேண்டும். அந்தாதி என்பதால் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வேண்டும். தம் ஆசிரியரை இகழ்ந்த புலவர் ஒருவரோடு நடந்த போட்டியில் இதைப் பாடி வென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் அடக்கமான நல்லாத்தூர் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இருந்தும் நம் பிள்ளைகள் அவர் பெயரை அறியாமல் வளர்கிறார்கள். புதுச்சேரியில் வசன கவிதை எழுதிய பாரதியார் மரபு யாப்பில் தேர்ந்தவர் என்பதையும், 1906-இல் எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் உலகச் சிறுகதைகளை ஆழ்ந்து படித்துத் தமிழாக்கியவர் என்பதையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

ஆகவே இப்பொருளில் ஒரு தொடர் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நரசிங்கம்பேட்டைக்குத் தங்கள் செய்தியாளரை அனுப்பி, நாயனம் கடைகிறவர்களிடமே பாரியின் அமைப்பைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். நீரிணை நீந்தியவர்கள் எப்படிப் பயின்றார்கள், நீரோட்டத்தை எப்படிக் கணித்தார்கள் என்பதை நீச்சல் பயிற்சியாளர்கள் விளக்கட்டும். நிரோட்டகப் பாடல் ஒன்றைப் பொருளுடன் அச்சிட்டு, உதடு ஒட்டாமல் ஒரு வெண்பா எழுதிப் பார்க்குமாறு மாணவர்களுக்குப் போட்டி வையுங்கள். வரும் பாடல்களைத் திருத்திக் கொடுக்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.